ஒரே மரபணுவைக் கடைசிவரை பின்தொடருங்கள்: பெங்களூருவில் கணினி உயிரியல் பழக வருபவர்களுக்கு

பெங்களூருவில் கணினி உயிரியல் செய்யும் விஞ்ஞானிகளின் அறிமுகக் குறிப்பைப் படித்தால், ஜீனோம் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ. தொகுப்பு) ஆய்வு, புரதக் கட்டமைப்பு, உயிரியல் வலைப்பின்னல்கள் என்ற மூன்றும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். புதிதாக வருபவர்கள் இதை மூன்று தனிப் பாடங்கள் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்ஸ் தேடுகிறார்கள். மூன்று கோர்ஸ் முடித்து மூன்று சான்றிதழ் வாங்கிய பிறகும், ஒரு விஞ்ஞானி "இந்த மரபணுவில் இந்த மாற்றம் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

நான் சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை டி.என்.ஏ. எழுத்தில் பாருங்கள், புரதமாகப் பாருங்கள், மற்ற மரபணுக்களோடு அதற்கு உள்ள உறவைப் பாருங்கள். தேவைப்படும் கருவிகளை அந்தந்த இடத்தில் கற்றுக்கொண்டால் போதும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தாலும் சில வார இறுதிகளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இங்கே வரும் நம் ஊர்க்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ சாஃப்ட்வேர் வேலையில் இருந்து, உயிரியல் பக்கம் வர ஆசைப்படுபவர்கள் ஒரு வகை. கோவை, திருச்சி, மதுரையில் பயோடெக்னாலஜி முடித்துவிட்டு யஷ்வந்த்பூர் பக்கம் பி.ஜி.யில் தங்கி இன்டர்ன்ஷிப் தேடுபவர்கள் இன்னொரு வகை. "அண்ணா, எனக்குக் கோடிங்கே வராது, இதுக்குள்ள வர முடியுமா?" என்று இரண்டாம் வகையினர் கேட்கிறார்கள். "பிளஸ் டூவோட பயாலஜியை விட்டுட்டேன், பரவாயில்லையா?" என்று முதல் வகையினர் கேட்கிறார்கள். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான்: வரலாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்த பாதியிலேயே தங்கிவிடக் கூடாது. கீழே உள்ள படிகளில் எது உங்களுக்குக் கடினமாக இருக்கிறதோ அங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

எந்த மரபணு?

எச்.பி.பி. (HBB) மரபணுவில் தொடங்குங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைத் தயாரிக்கும் மரபணு இது. சிறியது; சுமார் 1,600 எழுத்து நீளம்தான். இதில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறுவதுதான் அரிவாள் செல் சோகைக்குக் காரணம். 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் இதை ஒரு மூலக்கூறின் நோய் என்று காட்டினார்கள். சில ஆண்டுகளில் வெர்னன் இன்கிராம், மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்று கண்டுபிடித்தார். இத்தனை ஆண்டுகளாக ஆராயப்பட்டிருப்பதால், நீங்கள் கண்டுபிடிப்பது சரியா தவறா என்று உடனே சரிபார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் இது பெரிய வசதி.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் இந்த மாற்றம் முதலில் பதிவானது நீலகிரியில். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். இன்றும் அந்த மலையில் இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. 2047க்குள் இந்நோயை ஒழிக்க வேண்டும் என்று 2023இல் ஒன்றிய அரசு தனி இயக்கமே தொடங்கியது. பயிற்சிக்காக எடுக்கும் மரபணுவானாலும், அதற்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்போடு வேலை செய்வது நல்லது.

முதல் படி: எழுத்தைக் கண்டுபிடியுங்கள்

என்செம்பிள் அல்லது யூ.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசரைத் திறந்து எச்.பி.பி. என்று தேடுங்கள். இரண்டும் ஜீனோமை இணையத்தில் காட்டும் இலவசத் தளங்கள். மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கும். மூன்று எக்ஸான் (இறுதிச் செய்தியில் தங்கும் பகுதி), நடுவில் இரண்டு இன்ட்ரான் (வெட்டி நீக்கப்படும் பகுதி). பிறகு ஆர்.எஸ்.334 (rs334) என்ற எண்ணைத் தேடுங்கள். அரிவாள் செல் மாற்றத்துக்கு உலகம் முழுவதும் புழங்கும் அடையாள எண் அது.

இங்கேதான் புதியவர்களைக் குழப்பும் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து வரும். பொறுமையாகப் பாருங்கள். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் ஜீனோம் தரவில் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, இடத்தின் எண். மனித ஜீனோமின் மாதிரி வரிசைக்குப் பதிப்புகள் உண்டு. ஜி.ஆர்.சி.எச்.38 பதிப்பில் இந்த மாற்றம் 11ஆவது குரோமோசோமின் 5,227,002ஆம் இடத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஜி.ஆர்.சி.எச்.37 பதிப்பில் இதே இடம் 5,248,232. சென்னை வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருப்பார்களே, அதே கதைதான். வீடு நகரவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. மருத்துவமனைகளிலும் பழைய ஆய்வுக் கட்டுரைகளிலும் 37 இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. யாராவது ஒரு இடத்தின் எண்ணைக் கொடுத்தால் "எந்தப் பதிப்பு?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த இழை. பாடப்புத்தகங்களில் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிறது, அதாவது ஏ என்பது டி ஆகிறது என்று இருக்கும். பிரவுசரில் பார்த்தால் டி என்பது ஏ ஆனதாக இருக்கும். இரண்டும் சரி. டி.என்.ஏ. இரட்டை இழை, ஜீனோம் தரவு எப்போதும் ஓர் இழையைத்தான் எழுதும். எச்.பி.பி. எதிர் இழையில் இருக்கிறது. அதனால் எழுத்துகள் ஜோடி மாறித் தெரிகின்றன.

மூன்றாவது, அமினோ அமிலத்தின் வரிசை எண். பழைய நூல்கள் 6ஆவது குளூட்டமிக் அமிலம் வேலினாக மாறுகிறது என்கின்றன. இன்றைய பெயரிடும் விதிப்படி அது 7. புரதம் உருவாகும்போது முதலில் இருக்கும் மெத்தியோனின் பிறகு வெட்டி நீக்கப்படுகிறது. பழையவர்கள் அதை விட்டுவிட்டு எண்ணினார்கள், புதிய விதி அதையும் சேர்த்து எண்ணுகிறது.

சரி, இப்போது கை வேலை. எச்.பி.பி. மரபணுவின் புரதக் குறியீட்டுப் பகுதியை மட்டும் பதிவிறக்குங்கள். 444 எழுத்து இருக்கும். ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி என்று தொடங்கும். மும்மூன்றாகப் பிரித்து (மூன்று எழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்) அமினோ அமிலமாக மாற்றும் ஒரு சிறு நிரலைப் பைத்தானில் நீங்களே எழுதுங்கள். தயாராக உள்ள நூலகத்தை இந்த ஒருமுறை மட்டும் தொடாதீர்கள். பிறகு 20ஆவது எழுத்தை ஏ-யிலிருந்து டி-க்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதால் நிரலில் அது 19. ஏழாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் வேலின் வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 147 அமினோ அமிலங்கள், அதற்குப் பிறகு நிறுத்தக் குறி. கோடிங் வராது என்றவர்களுக்கு இதைவிட நல்ல முதல் நிரல் கிடையாது. பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாப் போதும், நல்ல லேப்டாப்கூட வேண்டாம்.

இரண்டாம் படி: புரதத்தைத் திருப்பிப் பாருங்கள்

இப்போது மாற்றம் புரதத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் நேராக ஆல்ஃபாஃபோல்டுக்கு, அதாவது வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குப் போகிறார்கள். அது இயல்புதான். 2021இல் வெளிவந்த அதன் தரவுத்தளம் அடுத்த ஆண்டே 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைத் தந்தது. 2024இன் வேதியியல் நோபலில் பாதி, அதை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் கிடைத்தது. ஆனாலும் எச்.பி.பி.யை வைத்து அதன் எல்லை எது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

இயல்பான வரிசையைக் கொடுத்தால் அழகான ஹீமோகுளோபின் சங்கிலி வரும். நம்பகத்தன்மை அதிகமுள்ள பகுதிகள் கருநீலத்தில் இருக்கும். அந்த நிறங்களைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்: 90க்கு மேல் மதிப்பெண் உள்ள இடம் கருநீலம், 70 வரை வெளிர்நீலம், 50 வரை மஞ்சள், அதற்குக் கீழே ஆரஞ்சு. ஆரஞ்சுப் பகுதியின் வடிவத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பல நேரம் அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே இருக்காது.

அடுத்து வேலின் உள்ள வரிசையைக் கொடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே வடிவம்தான் வரும். அப்படியானால் இந்த மாற்றத்தால் ஒன்றும் ஆகாதா? உயிரையே வாங்கும் மாற்றம் இது. ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று சொல்வதற்காக ஆல்ஃபாஃபோல்ட் உருவாக்கப்படவில்லை. அதோடு, இங்கே சிக்கல் ஒரு மூலக்கூறுக்குள் இல்லை. இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவில் இருக்கிறது.

அதைப் பார்க்க, சோதனை மூலம் கண்டறிந்த கட்டமைப்பு வேண்டும். புரதத் தரவு வங்கிக்குப் போங்கள். 1971இல் வெறும் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய வங்கி அது. அதில் 2எச்.பி.எஸ். (2HBS) என்ற பதிவை எடுங்கள். ஆக்சிஜனை விட்டுவிட்ட நிலையில் உள்ள அரிவாள் செல் ஹீமோகுளோபின், எக்ஸ்-கதிரில் எடுத்தது. கைமீராஎக்ஸ் என்ற மென்பொருளில் திறந்தால் இரண்டு ஹீமோகுளோபின்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது தெரியும். பீட்டா சங்கிலிகள் பி, டி, எஃப், எச் (B, D, F, H) என்ற எழுத்துகளில் இருக்கும். ஒவ்வொன்றிலும் 6ஆவது இடத்தைத் தேர்ந்தெடுத்து வேறு நிறம் கொடுங்கள். இது பழைய எண்ணிக்கை, அதனால் 6. எந்த வேலினுக்கு ஐந்து ஆங்ஸ்ட்ராம் (அணு அளவிலான தூரத்தின் அலகு) தூரத்துக்குள் பக்கத்து மூலக்கூறின் அணுக்கள் இருக்கின்றன என்று தேடுங்கள்.

ஒரு வேலின் மட்டும் பக்கத்து ஹீமோகுளோபினின் ஒரு சிறு குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழியின் சுவரில் 85ஆவது ஃபினைல்அலனினும் 88ஆவது லூசினும் இருக்கும். இரண்டுமே தண்ணீரைத் தவிர்ப்பவை. வேலினும் தண்ணீரைத் தவிர்க்கும். முன்பு அங்கே இருந்த குளூட்டமிக் அமிலமோ மின்னூட்டம் உள்ளது, தண்ணீரோடு இருக்கவே விரும்பும்; அது இந்தக் குழிக்குள் நுழையாது. வேலின் நுழைகிறது, அடுத்த மூலக்கூறு ஒட்டுகிறது, அதற்கடுத்தது, இப்படியே நீண்ட இழையாகி சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது. இதை உங்கள் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டால், புரதக் கட்டமைப்பு ஏன் படிக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புரதத் தரவு வங்கியில் அந்தப் பதிவின் பக்கத்திலேயே கட்டமைப்பின் தரம் பற்றிய அறிக்கையும் இருக்கும். அதில் ராமச்சந்திரன் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1963இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று காட்டுகிறது. இன்றும் உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. ராமச்சந்திரன் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். நீங்கள் இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதப்போகும் துறைகளில் அதுவும் ஒன்று. சென்னையிலிருந்து பெங்களூரு வந்த ஒருவர் போட்ட பாதையில்தான் நாமும் நடக்கிறோம் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மூன்றாம் படி: உறவுகள்

புரதங்களுக்கு இடையிலான உறவுகளைத் தொகுக்கும் ஸ்ட்ரிங் (STRING) தரவுத்தளத்தில் எச்.பி.பி. என்று போட்டு மனிதர் என்று தேர்ந்தெடுங்கள். புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு படம் வரும். பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே ஏமாற்றும். ஒவ்வொரு கோடும் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். கோட்டின் மேல் கிளிக் செய்தால் ஆதாரம் தெரியும்: சோதனையில் தொட்டுக்கொண்டதைப் பார்த்தார்களா, ஒரே நேரத்தில் இரண்டு மரபணுக்களும் இயங்குகின்றனவா, அல்லது ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்தனவா? கடைசி வகை ஆதாரத்தை அணைத்துவிட்டு எத்தனை கோடுகள் மிஞ்சுகின்றன என்று பாருங்கள். மதிப்பெண் வரம்பை 0.4இலிருந்து 0.9க்கு ஏற்றிப் பாருங்கள். பிறகு, உடல்ரீதியாகத் தொட்டுக்கொள்ளும் புரதங்களை மட்டும் காட்டும் அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "வலைப்பின்னல்" என்ற ஒரே பெயரில் எத்தனை வேறுபட்ட விஷயங்கள் இருக்கின்றன என்று புரியும்.

இப்போது எச்.பி.ஜி.1 (HBG1), எச்.பி.ஜி.2 (HBG2), பி.சி.எல்.11ஏ (BCL11A) மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். முதல் இரண்டும் கருவில் இருக்கும்போது நாம் பயன்படுத்தும் ஹீமோகுளோபின் சங்கிலியின் மரபணுக்கள், எச்.பி.பி.க்குப் பக்கத்திலேயே இருப்பவை. குழந்தை பிறந்தபின் அவை அடங்கிவிடுகின்றன. அடக்குவதில் முக்கியப் பங்கு, இரண்டாவது குரோமோசோமில் இருக்கும் பி.சி.எல்.11ஏ-க்கு. இந்தப் புரதம் ஹீமோகுளோபினைத் தொடுவதே இல்லை, டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறது. கருவின் ஹீமோகுளோபின் அதிகமாக உள்ளவர்களின் ஜீனோமை ஆராய்ந்தபோதுதான், 2007, 2008 வாக்கில் இந்த மரபணு கண்ணில் பட்டது.

அதிலிருந்து வந்ததுதான் 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற கேஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை. பழுதான எச்.பி.பி.யை அது தொடவில்லை. சிவப்பணு வழி செல்களில் பி.சி.எல்.11ஏ-யை முடுக்கும் ஒரு டி.என்.ஏ. பகுதியை வெட்டுகிறது. அடக்குபவர் போனதும் கருவின் ஹீமோகுளோபின் திரும்பி வருகிறது. நோயின் காரணம் ஒரு மரபணுவில், மருந்து வேறொரு குரோமோசோமில். எச்.பி.பி.யின் வரிசையையும் வடிவத்தையும் மட்டும் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த வழி தெரிந்திருக்காது.

படத்தை இன்னும் ஆழமாக ஆராய சைட்டோஸ்கேப் அல்லது பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை. அதிகக் கோடுகள் உள்ள புள்ளி முக்கியமானது என்று உடனே எழுதிவிடாதீர்கள். புற்றுநோயோடு தொடர்புள்ள டி.பி.53 (TP53) போன்ற மரபணுக்களை உலகமே ஆராய்ந்திருக்கிறது. அதனாலும் அவற்றுக்குக் கோடுகள் அதிகம். உங்கள் மரபணுப் பட்டியலில் கோடுகள் அதிகம் என்று தோன்றினால், ஏறக்குறைய அதே அளவு ஆராயப்பட்ட வேறு மரபணுக்களைக் குருட்டுவாக்கில் எடுத்து, அவற்றிலும் இவ்வளவு கோடுகள் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். நேர்காணலில் இதை நீங்களாகவே சொன்னால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு சுற்று, நீங்களாகவே

எச்.பி.பி.யிலேயே வேறு மாற்றத்தை எடுத்துச் செய்யுங்கள். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு (பீட்டா சங்கிலி குறைவாக உருவாகும் பரம்பரை இரத்தச் சோகை) காரணமான மாற்றங்களில் மிக அதிகம் காணப்படுவது, முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் ஜி என்பது சி ஆவது. நீங்கள் எழுதிய நிரலில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் இன்ட்ரான் அங்கே இல்லை. புரதக் கட்டமைப்பிலும் பார்க்க ஒன்றும் கிடையாது. எக்ஸான்களை ஒட்டும் வேலையே அதனால் கெடுகிறது. வடகிழக்கு மாநிலங்களில் அதிகமாக உள்ள ஹீமோகுளோபின் ஈ என்ற எச்.பி.பி. மாற்றம் இன்னொரு நல்ல பயிற்சி. ஒரே மரபணு, மூன்று மாற்றங்கள், மூன்றுக்கும் விடை வெவ்வேறு இடத்தில்.

நம் மக்களின் ஜீனோம் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாயிரம் இந்தியர்களின் ஜீனோமைப் படித்த ஜீனோம்இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்தது இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம். தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. அதை விண்ணப்பித்துத்தான் பெற முடியும். நண்பரோ உறவினரோ தம் பரிசோதனைக் கோப்பைப் பயிற்சிக்குக் கொடுத்தால், அதை எந்த இணையக் கருவியிலும் ஏற்றாதீர்கள். ஒருவரின் ஜீனோம் அவருடைய அண்ணன் தம்பி, பிள்ளைகள் பற்றியும் சொல்லிவிடும்.

படிக்க, ஆள் பார்க்க

என்.பி.டி.ஈ.எல். (NPTEL) என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர்கள் மைக்கேல் குரோமிஹாவின் உயிர்த்தகவலியல் பாடமும், கார்த்திக் ராமனின் கணினி அமைப்பு உயிரியல் பாடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் சுற்று முடித்தபின் பாருங்கள், அப்போதுதான் ஒட்டும்.

பெங்களூருவில் இருப்பதன் உண்மையான பலன் கருத்தரங்குகள்தான். இந்திய அறிவியல் கழகத்துக்குப் பச்சைத் தட மெட்ரோவில் சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போகலாம். தேசிய உயிரியல் அறிவியல் மையம் பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு மையம், எலக்ட்ரானிக் சிட்டியில் உயிர்த்தகவலியலுக்கென்றே ஒரு நிறுவனம். கருத்தரங்கு அறிவிப்பு வந்தால் வெளியாட்கள் வரலாமா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அடையாள அட்டை கொண்டு போங்கள். பேச்சு பாதி புரியாது, பரவாயில்லை. முடிந்தபின் தேநீர் மேசையில் நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களிடம் பேசுங்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் இடம் இருக்கிறதா, வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மாணவராக இருந்தால், சதாசிவ நகரில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமி மற்ற இரு அகாதெமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்.

விஞ்ஞானிக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். "உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் வரும் ஒரு மரபணுவை மேலே சொன்ன மூன்று படிகளிலும் பின்தொடர்ந்து, எங்கே தடைபட்டீர்கள் என்பதை ஒரு கேள்வியாக எழுதுங்கள். நிரலும் படங்களும் உள்ள நோட்புக்கின் சுட்டியைக் கொடுங்கள். எந்தத் தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, எந்த நாளில் எடுத்தது என்பது அதன் முதல் வரியிலேயே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறமும் வராவிட்டால் அதே கூடத்தின் ஆராய்ச்சி மாணவருக்கு அந்தக் கேள்வியை மட்டும் அனுப்புங்கள், இன்டர்ன்ஷிப் பேச்சை எடுக்காமல்.